வெளிப்படுத்தின விசேஷத்தின் உருவகங்களும் அவற்றைப் பொருள்கொள்ளும் முறையும்

பரீட்சைக்கு மூன்று வாரங்கள் இருந்தபொழுது ஒருநாள் மாலை, விடுதி மாணவர் ஒருவர் துண்டுப் பிரசுரமொன்றைக் கையிற்கொண்டு எம்மிடம் வந்தார். ஏழு தலைகளும் பத்துக் கொம்புகளுமுடைய மிருகமொன்று அதில் வரையப்பட்டிருந்தது. இன்ன தலை இன்ன தேசம், இன்ன கொம்பு இன்ன தலைவர் என்று ஒவ்வொன்றின் அருகிலும் குறிப்பு இருந்தது. கடைசிப் பக்கத்தில் உலக முடிவுக்குரிய ஆண்டும் கணக்கிட்டுக் காட்டப்பட்டிருந்தது. "ஐயா, இது மெய்யாயின் நான் பரீட்சைக்குப் படிப்பதனால் ஆவது யாது?" என்று அவர் வினவினார். அவர் விளையாட்டாக வினவவில்லை. சில இரவுகள் உறக்கம் இழந்தவர் என்பதை அவர் முகமே காட்டிற்று. அன்று யாம் கூறிய விடை சுருக்கமானது; எமக்கே நிறைவளிக்காதது. அவ்வினா அவர் ஒருவருக்கே உரியதன்று என்பதை அறிவோம். ஆதலின் அதற்குரிய விடையைச் சிறிது விரித்துக் கூற ஈண்டு முயல்கின்றோம்.

எம் விடையின் சாரம் இதுவே. வெளிப்படுத்தின விசேஷத்தின் உருவகங்கள் காலத்தைக் கணக்கிடுவதற்காக அளிக்கப்பட்டவை அல்ல. துன்பத்தில் நிலைநிற்பதற்காக அளிக்கப்பட்டவை. அவற்றை முதலிற் கேட்டவர் எவ்வாறு கேட்டனர் என்பதை அறிந்தபின்னரே அவை நமக்குச் சொல்வது யாது என்பதை அறியலாகும். இம்முறையை விட்டு விலகினோர் அச்சத்தையும் ஏமாற்றத்தையுமே அறுவடை செய்தனர் என்பதற்குச் சரித்திரமே சான்று.

1. நூலும் அதன் முதல் வாசகரும்

இந்நூலின் கிரேக்கப் பெயராகிய 'அப்போகாலிப்ஸிஸ்' என்பதற்குத் திரை நீக்குதல் என்பது பொருள். பலரும் இதனை மறைபொருள்களின் களஞ்சியமாகக் கருதுகின்றனர். பெயரோ மறைந்ததை விளக்கிக் காட்டுதலையே குறிக்கின்றது. இதனை எழுதிய யோவான், ஏஜியன் கடலில் எபேசு பட்டணத்துக்குத் தென்மேற்கேயுள்ள பத்மு என்னும் சிறு தீவில் இருந்தார். எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என்னும் ஏழு பட்டணங்களின் சபைகளுக்கு இதனை நிருபமாக விடுத்தார். இவ்வேழும் உரோமப் பேரரசின் ஆசியா மாகாணத்தில், இன்றைய துருக்கி நாட்டின் மேற்குப் பகுதியில், இருந்தவை. தொமித்தியன் என்னும் இராயனுடைய ஆட்சியின் இறுதியில், ஏறத்தாழ கி. பி. 95-இல், இது எழுதப்பட்டது என்பது அறிஞருட் பெரும்பாலார் கொள்கை. இரண்டாம் நூற்றாண்டினராகிய இரேனேயு என்னும் சபைப் பிதாவும் அவ்வாறே கூறினார்.

அக்காலத்தில் அப்பட்டணங்களில் இராயனைத் தெய்வமாக வணங்குதல் நாட்டுப்பற்றின் அடையாளமாக மதிக்கப்பட்டது. பெர்கமுவில் அகுஸ்து இராயனுக்கும் உரோமாபுரிக்கும் கோயில் அமைக்க கி. மு. 29-இலேயே அனுமதி அளிக்கப்பட்டது. சிமிர்னாவில் திபேரியு இராயனுக்குக் கோயில் எழுந்தது. எபேசுவில் தொமித்தியன் காலத்திலேயே அவன் குடும்பத்தாருக்கென ஒரு பெருங்கோயில் கட்டப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ கி. பி. 112-இல், அண்டை மாகாணமாகிய பித்தினியாவை ஆண்ட பிளினி என்பான் திராயான் இராயனுக்கு எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. கிறிஸ்தவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டோரை இராயன் உருவத்தின்முன் நிறுத்தித் தூபமும் திராட்சரசமும் படைக்கச் செய்ததாகவும், கிறிஸ்தவர் என்பதை விடாது அறிக்கையிட்டோரைக் கொல்லுமாறு ஆணையிட்டதாகவும் அவன் அதில் எழுதியிருக்கின்றான்.

இந்நிலையில் வாழ்ந்த ஒரு சிறு சபை, ஒரு வீட்டில் கூடி இந்நூலை ஒருவர் படிக்க மற்றோர் கேட்டதை மனத்திற் கொள்க. அவர்கட்கு வேண்டியிருந்தது இரண்டாயிரம் ஆண்டுகட்குப் பின் தோன்றும் அரசியல் தலைவரின் பெயரன்று. நாளைக் காலை சந்தையில், தூபக் கலசத்தின் முன் நிறுத்தப்பட்டால், யாம் என் செய்வது என்பதே அவர்களுடைய வினா. இந்நூல் அவ்வினாவுக்கே விடையாக வந்தது.

2. நூலே தரும் திறவுகோல்

உருவகங்களைத் தத்தம் மனம்போனவாறு விளக்குவோர் பெரும்பாலும் கவனியாத செய்தியொன்று உண்டு. இந்நூல் தன் உருவகங்கள் பலவற்றுக்குத் தானே பொருள் கூறுகின்றது. முதல் அதிகாரத்தில் தோன்றும் ஏழு பொற்குத்துவிளக்குகள் ஏழு சபைகள் என்று அவ்வதிகாரமே விளக்குகின்றது. ஐந்தாம் அதிகாரத்துப் பொற்கலசங்களிலுள்ள தூபவர்க்கம் பரிசுத்தவான்களுடைய ஜெபங்களாம். பன்னிரண்டாம் அதிகாரத்து வலுசர்ப்பம் சாத்தான். பதினேழாம் அதிகாரத்துத் திரளான தண்ணீர்கள் பல ஜாதியாரும் பல பாஷைக்காரரும். மிருகத்தின் ஏழு தலைகள் ஏழு மலைகள். அதன்மேல் வீற்றிருக்கும் ஸ்திரீ பூமியின் அரசர்மேல் ஆட்சி செலுத்தும் மாநகரம். ஏழு குன்றுகளின்மேல் அமைந்த மாநகரம் யாது என்று முதல் நூற்றாண்டில் ஒரு சிறுவனை வினவினும் உரோமாபுரி என்று அவன் விடை பகர்ந்திருப்பான்.

இவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, ஈண்டுள்ளவை புகைப்படங்கள் அல்ல. பொருளைத் தாங்கிய உருவகங்கள். மற்றொன்று, அப்பொருள் முதல் வாசகர் அறியத்தக்கதாயிருந்தது. நம் இலக்கியப் பயிற்சியிலிருந்து ஓர் உவமை கூறுவோம். அகப்பாட்டில் உள்ளுறையுவமம் என்பதொன்றைத் தமிழ் மாணவர் அறிவர். மருதநிலத்து வயலில் புகுந்து தாமரையை மேயும் எருமையைப் புலவர் பாடினால், அவ்வெருமை எவ்வூரினது, யாருடையது என்று எவரும் ஆராய்வதில்லை. திணைமரபை அறிந்தவர் அது தலைவனுடைய புறத்தொழுக்கத்தைக் குறிப்பதென உடனே உணர்வர். மரபறியாதவர் எருமையையே தேடிக்கொண்டிருப்பர். வெளிப்படுத்தின விசேஷத்தின் மிருகத்தைச் செய்தித்தாளில் தேடுவோர் நிலையும் இதுவேயாம்.

3. பழைய ஏற்பாட்டின் வழக்கு

இவ்வுருவகங்களின் மரபு யாது? அது பழைய ஏற்பாடு. தீர்க்கதரிசியின் பெயரைச் சுட்டி மேற்கோள் காட்டும் முறையை யோவான் ஓரிடத்தும் மேற்கொள்ளவில்லை. ஆயினும் அவருடைய வாக்கியங்களில் எசேக்கியேல், ஏசாயா, சகரியா, தானியேல் ஆகியோரின் குரல் எங்கும் ஒலிக்கின்றது. தானியேல் ஏழாம் அதிகாரத்தில் சிங்கம், கரடி, சிறுத்தை, பத்துக் கொம்புகளுடைய பயங்கர மிருகம் என நான்கு மிருகங்கள் கடலிலிருந்து எழும்புகின்றன. அவை ஒன்றன்பின் ஒன்றாக வரும் பேரரசுகளைக் குறிப்பன. யோவான் பதிமூன்றாம் அதிகாரத்தில் காணும் மிருகத்துக்கோ சிறுத்தையின் உருவமும், கரடியின் கால்களும், சிங்கத்தின் வாயும், பத்துக் கொம்புகளும் உள்ளன. நான்கு மிருகங்களும் ஒன்றாகத் திரண்டுவிட்டன என்பது கருத்து. முன்னைப் பேரரசுகளின் கொடுமையெல்லாம் உரோமாபுரியில் ஒருங்கே குடிகொண்டது என்பதைப் பல பக்கங்களால் விளக்குவதினும் இவ்வோர் உருவம் நன்கு விளக்குகின்றது.

எண்களும் அவ்வாறே. ஏழு என்பது நிறைவையும், பன்னிரண்டு என்பது தேவனுடைய ஜனத்தையும், ஆயிரம் என்பது அளவின்மையையும் குறிக்கும். 12-ஐ 12-ஆற் பெருக்கி ஆயிரத்தாற் பெருக்க 1,44,000 வரும். 42 மாதம், 1,260 நாள், மூன்றரை வருடம் என்பன ஒரே கால அளவின் மூன்று பெயர்கள். மூன்றரை ஏழிற் பாதி. தானியேல் நூலில் இவ்வளவு அந்தியோகு எப்பிபானே என்னும் அரசனுடைய கொடுமையோடு தொடர்புடையது. அவன் கி. மு. 167-இல் எருசலேம் தேவாலயத்தைத் தீட்டுப்படுத்தினான், கி. மு. 164-இல் அது மீண்டும் சுத்திகரிக்கப்பட்டது. அதன்பின் மூன்றரை என்பது, கொடுமை எத்துணைப் பெரிதாயினும் முழுமை பெறாது, அதற்கு ஓர் எல்லை உண்டு என்பதைக் குறிக்கும் எண்ணாயிற்று. துன்புறுவோர்க்கு இஃது ஆறுதல். கணக்கிடுவோர்க்கோ வெறும் இலக்கம்.

4. அறுநூற்று அறுபத்தாறு

இந்நூலில் மக்களை மிகுதியும் கலக்கிய எண் 666. இதன் உட்பொருளை அறிவதற்குப் பண்டை வழக்கொன்றை அறிதல் வேண்டும். எபிரேயரும் கிரேக்கரும் எண்களுக்கெனத் தனிக் குறிகளின்றி எழுத்துக்களையே எண்களாக வழங்கினர். ஆதலின் எப்பெயரின் எழுத்துக்களையும் கூட்டி ஓர் எண் பெறலாம். கி. பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய பொம்பேயி நகரத்துச் சுவரொன்றில், ஒருவன் தான் காதலித்த பெண்ணின் பெயரைக் கூறாது, அவள் எண் 545 என்று மட்டும் கிறுக்கியிருக்கின்றான். தமிழரும் இதனை எளிதில் உணரலாம். க, உ, எ, அ முதலிய எழுத்துக்கள் நம் முன்னோர்க்கு எண்களுமாயிருந்தன. எட்டையும் காலையும் கூறி அகர வகரங்களை உணரவைக்கும் ஔவையார் தனிப்பாடலைச் சுவையாதார் நம்மிடையே இலர்.

'நேரோன் கேசர்' என்று நீரோ இராயனுடைய பெயரை எபிரேய எழுத்தில் எழுதினால், நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50, கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200 ஆகக் கூட்டுத்தொகை 666 ஆகும். சில பழைய பிரதிகளில் இவ்வெண் 616 என்று காணப்படுகின்றது. எகிப்திலுள்ள ஒக்சிரிங்கு என்னுமிடத்திற் கிடைத்து 1999-இல் வெளியிடப்பட்ட பப்பிரு ஏட்டிலும் அவ்வாறே உள்ளது. உரோமர் வழக்கின்படி 'நேரோ' என்று இறுதி நூன் இன்றி எழுதினால் 50 குறைந்து 616 வருதல் காண்க. இரண்டு பாடங்களுக்கும் ஒரு பெயரே பொருந்துதலால், நீரோவே ஈண்டுக் குறிக்கப்பட்டான் என்று அறிஞருட் பலர் கொள்வர்.

நீரோ கி. பி. 64-இல் உரோமாபுரி எரிந்தபின் அப்பழியைக் கிறிஸ்தவர்மேற் சுமத்தி அவர்களைச் சித்திரவதை செய்தவன், கி. பி. 68-இல் தற்கொலை செய்துகொண்டவன். யோவான் எழுதிய காலத்தில் அவன் உயிரோடில்லை. பின் ஏன் அவன் பெயர்? அவன் இறக்கவில்லை, கிழக்கே பார்த்தியரிடம் மறைந்திருந்து படையோடு மீள்வான் என்ற வதந்தி அந்நாளில் நிலவிற்று. யானே நீரோ என்று கூறிக்கொண்ட வஞ்சகரும் சிலர் தோன்றினர். சாவுக்கேதுவான காயம் ஆறிய மிருகம் என்னும் உருவகம் இவ்வதந்தியைத் தொட்டுச் செல்கின்றது. நீரோ மாண்டான், ஆயினும் நீரோவின் ஆவி மாளவில்லை, அரியணை ஏறியவன் எவனாயினும் தன்னைத் தெய்வமாக்கிக் குற்றமற்றோரைக் கொல்வானாயின் அவன் மீண்டும் வந்த நீரோவே என்பது யோவான் உணர்த்தும் பொருள். இவ்வாறு கொள்ளுங்கால் அவ்வெண் முதல் நூற்றாண்டோடு ஒழிந்துபோகாது. எக்காலத்துக் கொடுங்கோலர்க்கும் பொருந்தும். இரேனேயுவே தம் காலத்தில் இவ்வெண்ணுக்குப் பொருந்தும் பெயர்கள் சிலவற்றை எடுத்துக்காட்டி, இன்ன பெயர்தான் என்று துணிந்து கூறுதல் ஆபத்தென எச்சரித்தமை நினைவிற்குரியது.

5. வாங்கவும் விற்கவும்

மிருகத்தின் முத்திரையை வலக்கையிலாவது நெற்றியிலாவது தரியாதவன் வாங்கவும் விற்கவும் கூடாது என்னும் பகுதி இக்காலத்தில் மிகுந்த அச்சம் விளைக்கின்றது. கடைப்பொருள்களின்மேலுள்ள கோட்டுக் குறியீடே அம்முத்திரை என்றனர் சிலர். 2020-ஐ அடுத்த பெருந்தொற்றுக் காலத்தில் தடுப்பூசியே அம்முத்திரை என்ற வதந்தி பல நாடுகளில் பரவிற்று. அது சிறு செய்தியன்று. வேதத்தின் பெயரால் எழுந்த அச்சம், நோயினின்று காக்கும் மருந்தையே மறுக்கச் செய்வதாயின், பொருள் காணும் முறை உயிரைத் தொடும் காரியமாகிவிடுகின்றது.

இப்பகுதியைத் தியத்தீரா பட்டணத்து வியாபாரி ஒருவர் எவ்வாறு கேட்டிருப்பார்? அப்பட்டணத்தில் நெசவாளர், சாயக்காரர், தோற்றொழிலாளர், குயவர், அப்பம் சுடுவோர், கன்னார் முதலியோர் தனித்தனிச் சங்கங்களாக அமைந்திருந்தமைக்குக் கல்வெட்டுச் சான்றுகள் உண்டு. சங்கத்தின் விருந்துகள் தேவர்களுக்குப் படைத்த படையலோடு நடைபெற்றன. விருந்தில் அமராதவர் தொழிலுறவை இழக்கும் அபாயத்தில் இருந்தார். ஆகவே வாங்குதலும் விற்றலும் வழிபாட்டோடு பிணைந்திருந்தன. வயிற்றுப் பிழைப்புக்காக மனச்சான்றை விற்பதா என்பதே அவ்வியாபாரிமுன் நின்ற சோதனை.

கையும் நெற்றியும் குறிக்கப்பட்டதற்கும் காரணம் உண்டு. உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் தேவனுடைய கற்பனைகளைக் கையின்மேல் அடையாளமாகக் கட்டவும், கண்களுக்கு நடுவே ஞாபகக்குறியாகக் கொள்ளவும் இஸ்ரவேலருக்குக் கட்டளை உண்டு. செயலும் சிந்தையும் யாருக்கு உரியன என்பதே இதன் உட்பொருள். மேலும் பதினான்காம் அதிகாரத் தொடக்கத்தில் ஆட்டுக்குட்டியானவருடைய அடியார் தம் நெற்றிகளில் பிதாவின் நாமத்தைத் தரித்து நிற்கின்றனர். மிருகத்தின் முத்திரையை ஊசியென்றும் கருவியென்றும் கொள்வோர், பிதாவின் நாமம் எக்கருவியால் எழுதப்பட்டதென்று வினவுவதில்லை. ஒன்று அகத்தின் உரிமையைக் குறிப்பதாயின் மற்றொன்றும் அதனையே குறிக்கும். அறியாமல் ஏறும் முத்திரை என்பதொன்று இந்நூலில் இல்லை. யாரை வணங்குகின்றோம் என்பதே முத்திரை.

6. கணக்கிட்டோர் கதை

இந்நூலை வருங்காலப் பஞ்சாங்கமாகக் கொண்டோர் சரித்திரத்தைச் சிறிது நோக்குவோம். கி. பி. 1534-இல் ஜெர்மனியிலுள்ள மூன்ஸ்டர் நகரத்தைக் கைப்பற்றிய சிலர் அதனைப் புதிய எருசலேம் என்றனர். அடுத்த ஆண்டிலேயே பஞ்சத்திலும் வாளிலும் அது வீழ்ந்தது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் பாடங்களை ஒப்பிட்டு ஆராய்வதில் இணையற்றவராகிய பெங்கேல் என்னும் ஜெர்மானியப் பெரியார், ஆயிரவருட அரசாட்சி 1836-இல் தொடங்குமெனக் கணக்கிட்டார். அவர் 1752-இல் மறைந்தார். 1836 அமைதியாகக் கழிந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டு விவசாயியாகிய வில்லியம் மில்லர், தானியேல் எட்டாம் அதிகாரத்து 2,300 நாள்களை ஆண்டுகளாகக் கொண்டு கி. மு. 457-இலிருந்து எண்ணி 1843-ஐ அடைந்தார். அவ்வாண்டு கழியவே, அவரைச் சார்ந்தோர் 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்தனர். சிலர் வயலில் விளைந்ததை அறுக்காமலே விட்டனர். இரவு முழுதும் காத்திருந்தோர் விடியலில் அழுதனர். அந்நாளைப் 'பெரும் ஏமாற்றம்' என்றே சரித்திரம் வழங்குகின்றது.

நமக்கு அண்மையிலும் இவ்வாறு நிகழ்ந்தது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்திற் பிறந்து திருவிதாங்கூரில் கிறிஸ்தவரான யுஸ்துஸ் யோசேப்பு என்பாரும் அவரைச் சார்ந்தோரும் 1881-இல் கர்த்தர் வருவாரென எதிர்நோக்கினர். அவ்வாண்டும் கழிந்தது. அவர் இயற்றிய கீர்த்தனைகள் இன்றும் மலையாளச் சபைகளிற் பாடப்படுகின்றன. அவர் குறித்த ஆண்டை நினைப்பார் சிலரே.

இருபதாம் நூற்றாண்டிலும் படிப்பினை பெற்றோமில்லை. 1981-இல் ஐரோப்பியப் பொதுச் சந்தையிற் கிரேக்க நாடு பத்தாம் உறுப்பாகச் சேர்ந்தபொழுது, பத்துக் கொம்புகளும் முளைத்துவிட்டன என்றனர் சிலர். 1986-இல் கொம்புகள் பன்னிரண்டாயின. இன்று அவ்வமைப்பில் 27 நாடுகள் உள்ளன. அமெரிக்காவிலுள்ள டெக்சாஸ் மாநிலத்தில், ஏழு முத்திரைகளையும் திறக்கும் அதிகாரம் தமக்கே உண்டென்று கூறிய டேவிட் கொரேஷ் என்பாரைப் பின்பற்றியோர், அரசினரோடு நேர்ந்த நீண்ட முற்றுகையின் முடிவில், 1993 ஏப்ரல் 19 அன்று எழுந்த தீயில் எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் குழந்தைகள் பலர். 2011 மே 21 நியாயத்தீர்ப்பு நாள் என்று வானொலியிற் கூறிவந்த ஹெரால்டு கேம்பிங் என்பார், அந்நாள் கழிந்தபின் அக்டோபருக்கு அதனைத் தள்ளிவைத்தார், அதுவும் கழிந்தது.

இவருட் பலர் வஞ்சகரல்லர் என்பதை வற்புறுத்திக் கூறுகின்றோம். பெங்கேலின் கல்வியும் பக்தியும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. குறை நெஞ்சில் அன்று, முறையில். நூல் கேளாத வினாவை நூலின்மேல் ஏற்றினர். இயற்கை நூல் வல்லாராகிய ஐசக் நியூட்டன் தானியேலையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் பற்றி எழுதிய ஆராய்ச்சி, அவர் மறைந்தபின் 1733-இல் அச்சேறிற்று. தீர்க்கதரிசனம் மாந்தரைத் தீர்க்கதரிசிகளாக்குவதற்காக அளிக்கப்பட்டதன்று என்றும், வருங்காலத்தை முன்கூட்டிக் கூற முனைந்த உரைகாரரின் பேதைமையே இந்நூலுக்கு இழுக்கைத் தந்தது என்றும் அவர் அதில் இடித்துரைத்தார். நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார், குமாரனும் அறியார் என்று மாற்கு சுவிசேஷம் 13-ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே உரைத்திருக்க, அதற்கு மேல் நாம் அறியவேண்டுவது யாது?

7. கேட்டதும் கண்டதும்

அங்ஙனமாயின் இந்நூல் முதல் நூற்றாண்டினர்க்கு மட்டும் உரியதோ எனின், அன்று. அதன் இருதயம் எக்காலத்தார்க்கும் உரியது. அதனை ஐந்தாம் அதிகாரத்திற் காணலாம். ஏழு முத்திரைகள் இடப்பட்ட புஸ்தகத்தைத் திறக்க வல்லார் ஒருவருமின்மையால் யோவான் அழுகின்றார். யூதா கோத்திரத்துச் சிங்கம் வென்றது என்று அவர் கேட்கின்றார். திரும்பிப் பார்க்கும்பொழுதோ அவர் காண்பது சிங்கமன்று. அடிக்கப்பட்ட வண்ணமாய் நிற்கும் ஓர் ஆட்டுக்குட்டி. அதன்பின் நூலின் இறுதிவரை சிங்கம் என்னும் பெயர் கிறிஸ்துவுக்கு வழங்கப்படவில்லை; ஆட்டுக்குட்டி என்னும் பெயரோ நூல் முழுவதிலும் 28 முறை அவருக்கு வருகின்றது. தேவனுடைய வெற்றி எத்தகையது என்பதை இவ்வொரு மாற்றம் காட்டிவிடுகின்றது. கொன்று வெல்வது மிருகத்தின் வழி. தன்னைக் கொடுத்து வெல்வது ஆட்டுக்குட்டியின் வழி.

ஏழாம் அதிகாரத்திலும் இதே முறை உண்டு. 1,44,000 என்னும் எண்ணை யோவான் காதாற் கேட்கின்றார். கண்ணால் நோக்கும்பொழுதோ, சகல ஜாதிகளிலும் பாஷைகளிலுமிருந்து வந்த, ஒருவராலும் எண்ணக்கூடாத திரளான கூட்டத்தைக் காண்கின்றார். இரட்சிக்கப்படுவோரைத் தலை எண்ணிக் கணக்கிடுவோர்க்கு அக்காட்சியே மறுமொழி. பத்தொன்பதாம் அதிகாரத்தில் வெண்குதிரைமேல் வருபவருடைய வஸ்திரம், போர் தொடங்குமுன்னரே இரத்தத்தில் தோய்ந்திருக்கின்றது. அது பகைவர் இரத்தமன்று, அவர் தாமே சிந்திய இரத்தம் என்று உரைகாரர் பலர் கொள்வர். அவருடைய பட்டயம் கையில் இல்லை, வாயினின்று புறப்படுகின்றது. வார்த்தையே அவருடைய படைக்கலம்.

முடிவைப்பற்றிய நம்பிக்கையை யாம் மறுக்கின்றோமில்லை. புதிய வானமும் புதிய பூமியும், கண்ணீர் யாவும் துடைக்கப்படுதலும், மரணம் ஒழிதலும் இந்நூல் காட்டும் முடிவு. பரிசுத்த நகரம் வானத்தினின்று இறங்கி வருகின்றது; மக்கள் உலகத்தை விட்டு ஓடுவதாக அக்காட்சி அமையவில்லை, தேவன் மக்களிடையே வந்து வாசம்பண்ணுவதாகவே அமைந்திருக்கின்றது. அம்முடிவை நம்புவோர் இவ்வுலகத்தை இகழார். அதன் நோயையும் பசியையும் பாரா முகமாயிரார்.

8. விளக்கைக் கொண்டுவருக

எம்மிடம் வந்த மாணவருக்கு இனி விடை கூறுவோம். கி. பி. 1780 மே 19 அன்று வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் நண்பகலிலேயே இருள் சூழ்ந்தது. நியாயத்தீர்ப்பு நாள் வந்துவிட்டதென மக்கள் கலங்கினர். அது தொலைவிலெழுந்த காட்டுத்தீயின் புகையால் நேர்ந்ததென்று பிற்கால ஆராய்ச்சி காட்டியுள்ளது. அன்று கனெக்டிகட் நாட்டின் ஆலோசனைச் சபை கூடியிருந்தது. சபையைக் கலைத்துவிடலாமென்று சிலர் கூறியபொழுது, ஆபிரகாம் டேவன்போர்ட் என்னும் உறுப்பினர் அதற்கு உடன்படவில்லை. நியாயத்தீர்ப்பு நாள் இன்று வரவில்லையெனில் வேலையை நிறுத்தக் காரணமில்லை. வந்துவிட்டதெனில் தம் கடமையிற் காணப்படுதலையே தாம் விரும்புவதாகக் கூறி, மெழுகுவர்த்திகளைக் கொண்டுவருமாறு அவர் வேண்டினார்.

பத்மு தீவின் காட்சியில் முதலில் தோன்றுவன ஏழு விளக்குகள் என்பதை ஈண்டு நினைவுகூர்க. இருள் சூழ்ந்த காலத்தில் சபையின் தொழில் இருளின் நீளத்தை அளப்பதன்று. விளக்கை அணையாது காப்பது. மாணவர்க்குப் படிப்பும், ஆசிரியர்க்குக் கற்பித்தலும், மருத்துவர்க்கு நோயாளரைப் பேணுதலும், வியாபாரிக்கு நேர்மையான படியும் தராசும் அவ்விளக்கேயாம். ஆகவே, தம்பீ, அந்தப் பிரசுரத்தை மடித்து வைத்துவிட்டு, வெளிப்படுத்தின விசேஷத்தையே முதலிலிருந்து முடிவுவரை ஒரே அமர்வில் வாசிப்பாயாக. தானியேலையும் அருகே வைத்துக்கொள். வாசித்து முடித்தபின் நன்றாக உறங்கு. விடிந்ததும் உன் பாடப் புத்தகத்தைத் திற. ஆண்டவர் வரும் நாள் எதுவாயினும், அன்று உன் மேசையின்மேல் விளக்கு எரிந்துகொண்டிருக்கட்டும்.